வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: ஒப்பந்தப் பரிமாற்றமா, சொந்தச் செலவா, கோடைக்கால ஆய்வா, முதுகலை வரை பொறுப்பதா?

காட்பாடி, வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டை முடிக்கும் மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்பது இது: "வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கலாம் என்கிறார்கள். போகலாமா, இல்லை அந்தப் பணத்தை எம்.எஸ். படிப்புக்கு வைத்துக்கொள்ளலாமா?" கேள்வியோடு ஒரு நாட்டின் பெயரும் சேர்ந்தே வரும். ஜெர்மனியா, கொரியாவா, பிரான்ஸா என்பதிலேயே பேச்சு முழுவதும் ஓடிவிடும்.

நாடு கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். அங்கே படித்த பாடங்கள் இங்கே உங்கள் பட்டத்தில் ஏறுமா? ஏறினால் என்ன மதிப்பெண்ணாக ஏறும்? நீங்கள் திரும்பி வரும் தேதியில் இங்கே வகுப்பு எந்தக் கட்டத்தில் இருக்கும்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைத்த பிறகு நாட்டைப் பற்றிப் பேசலாம். பதில் கிடைக்காமல் விமானம் ஏறியவர்கள்தான் பெரும்பாலும் ஒரு வருடத்தை இழந்து நிற்கிறார்கள்.

இங்கே ஒப்பிடுவது நான்கு வழிகளை:

1. உங்கள் கல்லூரியும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் போட்ட ஒப்பந்தத்தின் கீழ் போகும் செமஸ்டர் பரிமாற்றம். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது.
2. ஒப்பந்தம் இல்லாமல், கட்டணம் கட்டி, நேரடியாகவோ கன்சல்டன்சி வழியாகவோ போகும் செமஸ்டர்.
3. கோடை விடுமுறையில் 8 முதல் 12 வாரம் செய்யும் ஆய்வுப் பயிற்சி அல்லது கோடைப் பள்ளி.
4. இப்போது போகாமல், பட்டம் முடித்து முதுகலைக்குப் போவது.

இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் அங்கே என்ற படிப்பைப் பலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அதில் நீங்கள் கல்லூரியே மாறுகிறீர்கள். செலவும் முழுப் படிப்புக்கான செலவு. அதை முதுகலையோடு வைத்து எடைபோட வேண்டுமே தவிர, ஒரு செமஸ்டரோடு வைத்துப் பார்க்கக் கூடாது.

## எதை வைத்து எடைபோடுவது

### கிரெடிட்

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இ.சி.டி.எஸ். என்ற கணக்கில் கிரெடிட் தருகின்றன. ஒரு செமஸ்டருக்கு 30, வருடத்துக்கு 60. நம் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் ஒரு செமஸ்டருக்கு 20, வருடத்துக்கு 40. ஆக, ஏறக்குறைய ஒன்றரை இ.சி.டி.எஸ். இங்கே ஒரு கிரெடிட். அங்கே 6 இ.சி.டி.எஸ். உள்ள பாடம் இங்கே 4 கிரெடிட் பாடத்துக்கு ஈடாகும். 5 இ.சி.டி.எஸ். பாடம் 3 கிரெடிட்டுக்குச் சரி, 4 கிரெடிட் பாடத்துக்குப் போதாது. நான்கு பாடத்திலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தால், திரும்பி வந்ததும் ஒரு பாடத்தைக் கூடுதலாக எழுத வேண்டிவரும். பாடப் பெயர் ஒத்துப்போகிறது என்று நிம்மதி அடைவதில் பயனில்லை. அலகு அலகாகப் பாடத்திட்டத்தை வைத்துப் பார்த்து, துறைத் தலைவர் கையெழுத்திட வேண்டும்.

யார் கையெழுத்துச் செல்லும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் முடிவு வளாகத்துக்குள்ளேயே எடுக்கப்படும். வி.ஐ.டி.யில் செமஸ்டர் வெளிநாட்டுத் திட்டத்தைப் பன்னாட்டு உறவுகள் அலுவலகம் கவனிக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகமும் ஒத்துக்கொள்ள வேண்டும். சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இணைவு பெற்ற கல்லூரி என்றால், முதல்வர் "போய் வாருங்கள்" என்று சொல்வது மட்டும் போதாது. தேர்வு நடத்துவதும் மதிப்பெண் பட்டியல் தருவதும் பல்கலைக்கழகம். ஒப்புதலும் அங்கிருந்துதான் வர வேண்டும். பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி போல அண்ணா பல்கலைக்கழக இணைவு பெற்ற பொறியியல் கல்லூரிகளுக்கும் இதே விதி.

### மதிப்பெண் மாற்றம்

இதைக் கேட்காமல் போகிறவர்கள் அதிகம். பிரான்ஸில் மதிப்பெண் 20-க்கு. 10 வாங்கினால் தேர்ச்சி. 14 என்பது அங்கே நல்ல மாணவர் வாங்குவது, 18 வாங்குகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே உள்ள அலுவலகம் 14/20 என்பதை அப்படியே 7.0/10 என்று மாற்றிவிட்டால் என்ன ஆகும்? ஐந்து செமஸ்டரில் 100 கிரெடிட் முடித்து 8.6 வைத்திருக்கும் மாணவருக்கு, 20 கிரெடிட் 7.0-வில் சேரும்போது சராசரி 8.33 ஆகிவிடும். 8.5 கேட்கும் நிறுவனத்தின் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. ஜெர்மனியில் கணக்கு தலைகீழ்: 1.0 மிகச் சிறந்தது, 4.0 கடைசித் தேர்ச்சி. மாற்று அட்டவணை இல்லாத கல்லூரியில் 2.3 என்ற எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது.

எனவே கேட்க வேண்டியது ஒன்றே: வெளிநாட்டுப் பாடங்கள் தேர்ச்சி என்று மட்டும் ஏறுமா, மதிப்பெண்ணாக ஏறுமா? மதிப்பெண் என்றால் அந்த அட்டவணையின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். தேர்ச்சி என்று மட்டும் ஏறும் கல்லூரியில் படிப்பது உங்களுக்கு நல்லது. அங்கே கடினமான பாடத்தைத் துணிந்து எடுக்கலாம்.

### காலண்டர்

நம் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூன், ஜூலையில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் முடியும். இரட்டைப்படை செமஸ்டர் டிசம்பர், ஜனவரியில் தொடங்கி ஏப்ரல், மே வரை. இதோடு வெளிநாட்டுக் காலண்டரை வைத்துப் பாருங்கள்.

| நாடு | செமஸ்டர் நடக்கும் மாதங்கள் | நம் காலண்டரோடு பொருத்தம் |
|---|---|---|
| சிங்கப்பூர் | ஆகஸ்ட்–டிசம்பர், ஜனவரி–மே | இரண்டுமே பொருந்தும் |
| பிரான்ஸ் | செப்டம்பர்–டிசம்பர் அல்லது ஜனவரி, பிறகு ஜனவரி–மே அல்லது ஜூன் | பெரும்பாலும் பொருந்தும். ஜனவரித் தேர்வைக் கவனிக்க வேண்டும் |
| தென்கொரியா | மார்ச்–ஜூன், செப்டம்பர்–டிசம்பர் | இரண்டாவது நன்றாகப் பொருந்தும் |
| ஆஸ்திரேலியா | பிப்ரவரி–ஜூன், ஜூலை–நவம்பர் | ஜூலை செமஸ்டர் பொருந்தும் |
| ஜப்பான் | ஏப்ரல்–ஜூலை அல்லது ஆகஸ்ட், பிறகு செப்டம்பர் அல்லது அக்டோபர்–பிப்ரவரி | இரண்டுமே இடிக்கும் |
| ஜெர்மனி | வகுப்புகள் அக்டோபர் நடு–பிப்ரவரி நடு, ஏப்ரல் நடு–ஜூலை நடு | இரண்டுமே இடிக்கும் |

ஜெர்மனியின் குளிர்கால செமஸ்டர் முடிந்து தேர்வெழுதித் திரும்பும்போது பிப்ரவரி கடைசி ஆகிவிடும். இங்கே ஆறேழு வாரம் வகுப்பு போயிருக்கும். 75 சதவீத வருகைப் பதிவு அதோடு அடிபடும். ஜெர்மனிதான் வேண்டும் என்றால், தேர்வை முன்கூட்டி எழுத அங்குள்ள பேராசிரியர் ஒத்துக்கொள்கிறாரா, இங்கே வருகைப் பதிவுக்கு விலக்கு உண்டா என்ற இரண்டையும் போகும் முன்பே மின்னஞ்சலில் வாங்கிவிட வேண்டும்.

எந்த செமஸ்டரில் போவது என்பதும் இதில் சேர்ந்தது. பி.இ., பி.டெக். மாணவருக்கு ஐந்தாவது அல்லது ஆறாவது செமஸ்டர் நல்லது. ஏழாவதில் பிளேஸ்மென்ட் தொடங்கிவிடும். சில வளாகங்களில் ஆறாவது முடியும்போதே நிறுவனங்கள் வரும். மூன்று வருட பி.எஸ்ஸி., பி.ஏ., பி.காம். மாணவருக்கு நான்காவதைவிட நல்ல செமஸ்டர் இல்லை.

### பணம்: செலவாவதும், காட்ட வேண்டியதும்

இரண்டும் வேறு வேறு. ஜெர்மனிக்கான முடக்கக் கணக்கில் மாதத்துக்கு 992 யூரோ, வருடத்துக்கு 11,904 யூரோ என்ற கணக்கில் முன்பணமாகப் போட வேண்டும். அது உங்கள் பணம்தான், அங்கே போனதும் மாதாமாதம் கைக்கு வரும். ஆனால் விசா விண்ணப்பத்தின்போது மொத்தமாகத் தயாராக இருக்க வேண்டும். "செலவு ஐந்து லட்சம்தான், மாதாமாதம் அனுப்பிக்கொள்ளலாம்" என்று நினைக்கும் குடும்பம் இந்த இடத்தில்தான் திணறிப்போகிறது.

### இங்கே இருக்கும் சலுகைகள்

முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, ஆதிதிராவிடர் மற்றும் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகை, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் 1,000 ரூபாய் ஆகிய எல்லாமே நீங்கள் இங்கே தொடர்ந்து படிக்கும் மாணவராகப் பதிவேட்டில் இருப்பதை நம்பியிருக்கின்றன. பரிமாற்றத்தில் போகிறவரின் பெயர் பதிவேட்டில் தொடரும். விடுப்பு எடுத்தோ படிப்பை இடையில் நிறுத்தியோ போகிறவருக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். கல்லூரியில் உதவித்தொகையைக் கவனிக்கும் எழுத்தரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

## ஒப்பந்தப் பரிமாற்றம்

நான்கில் இதற்கே முதலிடம் கொடுக்க வேண்டும், உங்கள் கல்லூரியில் உயிரோடு இருக்கும் ஒப்பந்தம் இருந்தால். அலுவலகச் சுவரில் ஐம்பது பல்கலைக்கழகங்களின் பெயர் தொங்கலாம். பல ஒப்பந்தங்கள் ஆசிரியர் வருகைக்கும் கூட்டு ஆய்வுக்கும் மட்டும் போடப்பட்டவை. கேட்க வேண்டியது இதுதான்: இந்த ஒப்பந்தத்தில் மாணவர் பரிமாற்றமும் கட்டண விலக்கும் எழுதியிருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும், வருடத்துக்கு எத்தனை இடம், கடந்த இரண்டு வருடத்தில் யாராவது போனார்களா? போன மாணவரின் துறையாவது தெரிந்தால் போதும், அவரைத் தேடிப் பேசிவிடலாம்.

தேர்வு இரண்டு படியாக நடக்கும். முதலில் உங்கள் கல்லூரி உங்களைப் பரிந்துரைக்க வேண்டும், பிறகுதான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்க முடியும். செப்டம்பரில் அங்கே போக வேண்டும் என்றால் பரிந்துரை பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போயாக வேண்டும். அதற்கான உள் விண்ணப்பம் நவம்பர், டிசம்பரிலேயே வந்துவிடும். அரியர் இருந்தால் பெரும்பாலான கல்லூரிகள் எடுத்துக்கொள்வதில்லை. ஐ.இ.எல்.டி.எஸ். எழுத அவசரப்பட வேண்டாம். பரிமாற்றத்துக்கு ஆங்கில வழியில் படித்தார் என்ற கல்லூரிக் கடிதத்தை ஏற்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. பதினைந்தாயிரத்துக்கு மேல் கட்டித் தேர்வெழுதிய பிறகு இது தெரியவருவது வீண் செலவு.

கல்விக் கட்டணம் இல்லை என்பதைச் செலவே இல்லை என்று பெற்றோர் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே கல்லூரிக் கட்டணத்தை வழக்கம்போலக் கட்ட வேண்டும். அதற்கு மேல், ஜெர்மனியில் ஐந்து மாதத்துக்கான தோராயக் கணக்கு, ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்:

- தங்குமிடம், உணவு, காப்பீடு, போக்குவரத்து: மாதம் 992 யூரோ வீதம் 4,960 யூரோ. ஏறக்குறைய 5 லட்சம்.
- செமஸ்டர் பங்களிப்புத் தொகை: 150 முதல் 350 யூரோ. பல ஊர்களில் பேருந்து, ரயில் சீட்டும் இதில் அடக்கம்.
- தேசிய விசா: 75 யூரோ.
- சென்னையிலிருந்து போய்வர விமானம்: 60,000 முதல் 90,000 ரூபாய்.
- அறைக்கு முன்பணம்: மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். திரும்பக் கிடைக்கும், ஆனால் காலி செய்த பிறகு சில வாரம் கழித்து. நீங்கள் ஊர் திரும்பி அந்த நாட்டு வங்கிக் கணக்கை மூடியிருந்தால் சிக்கல்.

மொத்தம் ஆறு லட்சத்தை ஒட்டி வரும். அங்கே பகுதிநேர வேலைக்குச் சட்டம் இடம் தருகிறது. ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். ஆனால் ஐந்து மாதத்தில் மொழி தெரியாமல் வேலை தேடி, வரி எண் வாங்கி, சம்பளம் கைக்கு வருவதற்குள் பாதிக் காலம் போய்விடும். அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமல் திட்டமிடுங்கள்.

இங்கே ஹாஸ்டலில் இருப்பவர் ஒரு செமஸ்டர் இல்லாவிட்டாலும், வருடக் கணக்கில் கட்டிய அறை வாடகையும் மெஸ் கட்டணமும் தானாகத் திரும்பாது. புறப்படும் முன் எழுதிக் கொடுத்து, அறையைக் காலி செய்த ரசீது வாங்கினால்தான் கேட்க வழி இருக்கும்.

எராஸ்மஸ்+ உதவியோடு போவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பன்னாட்டு கிரெடிட் பயணத் திட்டத்தில் இடம் கிடைத்தால் கணக்கே மாறிவிடும். நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகை, தனியாகப் பயணத் தொகை, கல்விக் கட்டணமும் கிடையாது. மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. உங்கள் கல்லூரிக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்கும் இதற்கென்று தனி ஒப்பந்தம் இருக்க வேண்டும். உதவித்தொகையின் பெரும்பகுதி போய்ச் சேர்ந்த பிறகே கணக்கில் விழும் என்பதால், விமானச் சீட்டுக்கும் முதல் மாத வாடகைக்கும் கையிலிருந்து போட ஒன்றரை லட்சமாவது வேண்டும். பிரான்ஸுக்குப் போகிறவர்கள் பிரெஞ்சுத் தூதரகம் தரும் சார்பாக் (Charpak) பரிமாற்ற உதவித்தொகையையும் பார்க்க வேண்டும்.

பாடப்பட்டியல் மாறுவது இந்த வழியின் வழக்கமான சிக்கல். கையெழுத்து வாங்கிய ஐந்து பாடத்தில் ஒன்று அங்கே அந்த செமஸ்டரில் நடக்காது, இன்னொன்று ஆங்கிலத்தில் இருக்காது. புறப்படும் முன்பே எட்டுப் பாடத்துக்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள். அங்கே போய் மாற்ற வேண்டிவந்தால், துறைத் தலைவரின் மின்னஞ்சல் ஒப்புதல் வந்த பிறகே பதிவு செய்யுங்கள். தொலைபேசியில் "சரிப்பா, எடுத்துக்கோ" என்றது ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

இன்னொன்று, டிரான்ஸ்கிரிப்ட் தாமதம். அங்கே தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் வர ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதுவரை இங்கே உங்கள் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் பிளேஸ்மென்ட் தகுதிப் பட்டியல் போட்டால் உங்கள் பெயர் விடுபடும். பிளேஸ்மென்ட் அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு கடிதம், அங்குள்ள பேராசிரியர்களிடமிருந்து இடைக்கால மதிப்பெண் கடிதம் என்ற இரண்டும் இருந்தால் சமாளிக்கலாம்.

## கட்டணம் கட்டிப் போகும் செமஸ்டர்

இங்கே ஒரு கட்டணம், அங்கே ஒரு கட்டணம். அமெரிக்காவில் ஒரு செமஸ்டருக்குக் கல்விக் கட்டணம் மட்டுமே 10,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். எஃப்-1 மாணவர் விசாவுக்கு 350 டாலர் செவிஸ் (அமெரிக்க மாணவர் பதிவு) கட்டணமும் விசாக் கட்டணமும் தனி. பரிமாற்ற மாணவருக்கு விடுதியில் முன்னுரிமை தரும் பல்கலைக்கழகம் இப்படி வருகிறவருக்கு அதைத் தராமல் போகலாம்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து கல்லூரி ஒப்புதல் இல்லாமல் போவது. அந்த செமஸ்டர் இங்கே படிப்பு முறிவாகிவிடும். திரும்பி வந்து மறுசேர்க்கை வாங்கி, அடுத்த அணியோடு உட்கார வேண்டும். பாடத்திட்டம் மாறியிருந்தால் கூடுதல் பாடமும் சேரும். கன்சல்டன்சி இதைச் சொல்லாது. அவர்களுக்குக் கமிஷன் வருவது வெளிநாட்டுப் பக்கத்திலிருந்து. வேலூரிலும் சென்னையிலும் நேர்மையாக வழிகாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் உங்கள் கல்லூரியின் விதி அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. டிரான்ஸ்கிரிப்டைத் தருவது பல்கலைக்கழகமா, இடையில் உள்ள பயிற்சி நிறுவனமா என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

இந்த வழி பொருந்துவது அரிது. உங்கள் துறையில் குறிப்பிட்ட ஓர் ஆய்வகம் அங்கே மட்டும் இருந்து, உங்கள் கல்லூரி கிரெடிட்டை எழுத்தில் ஏற்று, அங்கே எடுக்கும் பாடத்தை அதே பல்கலைக்கழகம் பின்னர் முதுகலையில் கழித்துக்கொள்ளவும் சம்மதித்தால் போகலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

## கோடைக்கால ஆய்வு, கோடைப் பள்ளி

இணைவுக் கல்லூரி மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். கிரெடிட் மாற்றம் தேவையில்லை, வருகைப் பதிவு அடிபடாது, யாருடைய ஒப்பந்தமும் வேண்டாம். கல்லூரியிடமிருந்து வேண்டியதெல்லாம் ஒரு போனஃபைடு, ஒரு தடையில்லாச் சான்று.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் வைஸ் திட்டம் இந்திய அறிவியல், பொறியியல் மாணவர்களை ஜெர்மனியில் இரண்டு மூன்று மாத ஆய்வுப் பயிற்சிக்கு உதவித்தொகையோடு எடுக்கிறது. எந்தெந்த நிறுவனத்து மாணவர்கள் விண்ணப்பிக்கலாம் என்ற வரையறை உண்டு. உங்கள் கல்லூரி அதில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிரான்ஸுக்குச் சார்பாக் ஆய்வக உதவித்தொகை இருக்கிறது. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தின் கீழும் அரசுக் கல்லூரி உட்படப் பல கல்லூரி மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குக் குறுகிய காலப் பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள். அந்த அறிவிப்பு கல்லூரியின் நான் முதல்வன் ஒருங்கிணைப்பாளர் வழியாக வரும். அவரோடு தொடர்பில் இருங்கள்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல்தான் இதில் முக்கால்வாசி வேலை. நூறு பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் ஒரு பதிலும் வராது. பதினைந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரும் கடந்த இரண்டு வருடத்தில் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் படித்து, அதில் எந்த அளவீட்டை அல்லது எந்த நிரலை உங்களால் செய்ய முடியும் என்று இரண்டு வரி எழுதுங்கள். அடுத்து, உங்களிடம் இருக்கும் திறன், வரக்கூடிய தேதி, நிதி எங்கிருந்து. மொத்தம் பதினைந்து வரிக்குள். அக்டோபர், நவம்பரில் அனுப்பினால் அடுத்த மே மாதத்துக்கு இடம் இருக்கும், மார்ச்சில் அனுப்பினால் இருக்காது.

இதிலும் மறைவான சங்கடங்கள் உண்டு. பல்கலைக்கழகத் தேர்வு மே வரை இழுத்தால், மே முதல் தேதி தொடங்கும் பயிற்சிக்குப் போக முடியாது. தொடக்க நாளை மே கடைசி என்று கேட்டு வாங்குங்கள். ஷெங்கன் நாடுகளில் (ஒரே பொது விசா செல்லும் ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை தங்கக் குறுகிய கால விசா போதும். கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பன்னிரண்டு வாரப் பயிற்சியே 84 நாள். அதற்கு முன்னும் பின்னும் ஊர் சுற்ற ஒரு வாரம் சேர்த்தால் வரம்பு மீறும். சம்பளம் தரும் பயிற்சி என்றால் விசா வகையே மாறலாம். அழைப்புக் கடிதத்தில் உதவித்தொகை, சம்பளம் என்ற இரண்டில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கோடைப் பள்ளி வேறு. கட்டணம் கட்டி மூன்று வாரம் வகுப்பு. ஊர் பார்க்கலாம், ஒரு சான்றிதழும் கிடைக்கும். முதுகலைச் சேர்க்கையில் ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்துக்கு உள்ள எடை அதற்குக் கிடையாது.

## முதுகலை வரை பொறுப்பது

குடும்பத்தில் ஒரே ஒரு சேமிப்பு இருந்து, வெளிநாட்டு முதுகலையும் லட்சியமாக இருந்தால், அந்த ஆறு லட்சத்தை ஐந்து மாதத்தில் கரைப்பது தவறு. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் முதுகலைக்கும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் நம் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆறு லட்சம் என்பது அங்கே முதல் வருட முடக்கக் கணக்கில் பாதி.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையும் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உள்ளவை. இளங்கலையில் ஒரு செமஸ்டர் பரிமாற்றத்துக்கு அவற்றில் பணம் கிடையாது. அந்தத் தகுதி இருப்பவர் இப்போது கடன் வாங்கிப் பரிமாற்றத்துக்குப் போவதைவிட, கோடைக்கால ஆய்வு ஒன்றைச் செய்து, மதிப்பெண்ணைக் காத்து, முழுச் செலவும் அரசு ஏற்கும் வழிக்குத் தயாராவது மேல்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | ஒப்பந்தப் பரிமாற்றம் | கட்டண செமஸ்டர் | கோடைக்கால ஆய்வு | முதுகலை |
|---|---|---|---|---|
| கிரெடிட் | முன்கூட்டிக் கையெழுத்து இருந்தால் ஏறும் | பெரும்பாலும் ஏறாது | தேவையில்லை | புதிய பட்டம் |
| கூடுதல் செலவு | 6 லட்சம் ஒட்டி. எராஸ்மஸ்+ கிடைத்தால் மிகக் குறைவு | அதற்கு இரண்டு மூன்று மடங்கு | உதவித்தொகை இருந்தால் சிறிது. இல்லாவிட்டால் 3 லட்சம் வரை | பல லட்சம். கல்விக்கடன், அரசு உதவி உண்டு |
| பிளேஸ்மென்ட் பாதிப்பு | தேதியைப் பொறுத்து | அதிகம் | இல்லை | இல்லை |
| தொடங்க வேண்டியது | 10–12 மாதம் முன் | 8–10 மாதம் முன் | 7–8 மாதம் முன் | 12–15 மாதம் முன் |
| யாருக்கு | ஒப்பந்தம் உள்ள வளாகம், அரியர் இல்லாதவர் | மிகச் சிலருக்கு | இணைவுக் கல்லூரி, ஆய்வில் ஆர்வம் | சேமிப்பு குறைவு, அரசுத் திட்டத் தகுதி |

## எந்த வழியானாலும் முதலில் சரிசெய்ய வேண்டிய காகிதங்கள்

இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் கா. சரவணன், பாஸ்போர்ட்டில் சரவணன் காசிநாதன், ஆதாரில் வேறு மாதிரி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு இவை மூன்று வேறு ஆட்கள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது குடும்பப் பெயர் கட்டத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியாது என்ற குறிப்பு ஏறிவிடும். அது வங்கி, விமானச் சீட்டு, பல்கலைக்கழக அடையாள அட்டை வரை பின்தொடரும். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுங்கள். வெளிநாட்டு விண்ணப்பம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்து மாறாமல் எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட். வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே சேவை மையம் இருக்கிறது. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. ஹாஸ்டல் முகவரி கொடுத்தால் கல்லூரிச் சான்றும் காவல்துறை விசாரணையும் சேர்ந்து நாள் இழுக்கும். வீட்டு முகவரியிலேயே எடுப்பது சுலபம்.

பண ஆதாரம். தோல், காலணித் தொழிலிலும் நெசவிலும் சிறு கடையிலும் இருக்கும் குடும்பங்களுக்கு வருமானம் இருக்கும், வருமான வரிக் கணக்கு இருக்காது. விசா அதிகாரி பார்ப்பது காகிதத்தை. விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே பணத்தை வங்கியில் போட்டு அப்படியே விடுங்கள். கடைசி வாரத்தில் ஐந்து லட்சம் திடீரென்று ஏறினால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நகையை வைத்துத் திரட்டிய பணம் என்றால் அந்த அடகுச் சீட்டின் நகல், நிலம் விற்ற பணம் என்றால் பத்திர நகல். துபாயிலோ ரியாத்திலோ இருக்கும் அண்ணனோ மாமாவோ பொறுப்பேற்றால், அவருடைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், உறவைக் காட்டும் சான்று, பொறுப்பேற்புக் கடிதம் நான்கும் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை நிதியாண்டில் 10 லட்சத்துக்குள் இருந்தால் வங்கி டி.சி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்காது.

விசா. ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான், கொரியாவுக்குச் சென்னையில் துணைத் தூதரகம் இருக்கிறது. பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருப்பது புதுச்சேரியில். பிரான்ஸ் என்றால் விசாவுக்கு முன் காம்பஸ் பிரான்ஸ் (அங்கே படிக்கப் போகிறவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பு) பதிவு கட்டாயம். அதற்குத் தனி நேர்காணலும் சில வாரமும் ஆகும். ஜெர்மனி மாணவர் விசாவுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ் (உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) பொது விதி. கட்டணம் 18,000 ரூபாய். அரசு உதவித்தொகையில் போகிறவர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். ஜப்பானுக்குத் தகுதிச் சான்றை அங்குள்ள பல்கலைக்கழகமே எடுத்து அனுப்பும், அது வராமல் இங்கே எதுவும் நகராது. கொரியாவில் டி-2 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு 2021 மார்ச் முதல் தேசிய மருத்துவக் காப்பீடு கட்டாயம், மாதச் செலவில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைரேகை கொடுக்கச் சென்னைக்குப் போகும் நாளில் அசல் எல்லாவற்றோடும் இரண்டு செட் நகல், போனஃபைடு, கல்லூரியின் தடையில்லாச் சான்று, கையெழுத்தான பாடப்பட்டியல் ஆகியவை கையில் இருக்கட்டும். ஒரு காகிதம் விடுபட்டால் இன்னொரு நாள் வாங்க வேண்டும். ஜூன், ஜூலையில் அந்த இன்னொரு நாள் மூன்று வாரம் தள்ளிக்கூடக் கிடைக்கலாம். அதனால் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே நேரத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.